சாயங்காலத்துப் பச்சை மை

பச்சை மை என்றதும் பெரிய அதிகாரிகள் கையெழுத்துப் போடும் மை என்றுதான் எல்லோருக்கும் ஞாபகம் வரும். நான் வேலை பார்த்த வார்டில் அப்படி இல்லை. அங்கே பச்சை என்றால் சாயங்காலம். நீலம் என்றால் பகல். சிவப்பு என்றால் ராத்திரி. நோயாளியின் கட்டில் காலில் ஒரு அட்டை தொங்கும். அதில் செருகியிருக்கும் சார்ட்டைப் பார்த்தால், படிக்கத் தெரியாதவர்கூட நிறத்தை வைத்து எது எப்போது நடந்தது என்று சொல்லிவிடலாம். பகல் டியூட்டிக்காரர்கள் நீலத்தில் எழுத வேண்டும். மத்தியானம் வந்து ராத்திரிக்காரர்கள் வரும்வரை இருப்பவர்கள் பச்சையில் எழுத வேண்டும். மாற்றி எழுதினால் அன்றைக்கு சிஸ்டரிடம் மாட்டினோம்.

போன மாதம் பிரஷர் மாத்திரை வாங்க அதே ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன். பழைய வார்டு வாசலில் நின்று எட்டிப் பார்த்தேன். கட்டில் காலில் அட்டையே இல்லை. எல்லாம் கம்ப்யூட்டரில் ஏறிவிட்டது. பகலும் சாயங்காலமும் ராத்திரியும் ஒரே கறுப்பு எழுத்து. அங்கிருந்த ஒரு சின்ன வயசு நர்ஸ், நான் அங்கே ஆயாவாக இருந்தவள் என்று கேள்விப்பட்டு, உங்களுக்கு எழுதத் தெரியுமா ஆன்ட்டி என்று கேட்டாள். கேலியாகக் கேட்கவில்லை. இருந்தாலும் எனக்குச் சுருக்கென்றது. எழுதத் தெரியும் என்றேன். எனக்கென்று ஒரு மையே இருந்தது என்றேன். அவளுக்கு அதற்கு மேல் கேட்க நேரம் இல்லை, மணி அடித்துவிட்டது. அவளுக்குச் சொல்லாததை இங்கே எழுதுகிறேன். எனக்கு எழுத்து மெதுவாகத்தான் வரும். அதனால் என்ன, அவசரம் ஒன்றும் இல்லை.

நான் ஜோகுபாளையத்தில் பிறந்து அங்கேயே வாழ்க்கைப்பட்டவள். தமிழ்ப் பள்ளியில் இரண்டாவது வரை. பிறகு கடை போர்டுகளைப் பார்த்துப் பார்த்து மிச்ச எழுத்துகளைக் கூட்டிக்கொண்டேன். ஆஸ்பத்திரியில் முதலில் தரை துடைத்தேன், பிறகு பெட்பேன் எடுத்தேன், பிறகு நோயாளியைத் திருப்பிப் போடக் கற்றுக்கொண்டேன். அந்த வருஷங்களைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. எல்லா ஆயாக்களுக்கும் அதே கதைதான்.

என் கதை மாறியது ஜெசிந்தா சிஸ்டர் எங்கள் ஆண்கள் வார்டுக்குப் பொறுப்பாக வந்த பிறகு. மங்களூர்க்காரர். பேசும் தமிழ் வார்டில்தான் கற்றுக்கொண்டது. குரலை உயர்த்தவே மாட்டார். கஞ்சி போட்ட வெள்ளை உடுப்பு, நடந்தால் சரசரவென்று கேட்கும், அந்தச் சத்தம் வந்தாலே வார்டு அடங்கிவிடும். நர்ஸுகள் போதாத காலம் அது. நீர் எவ்வளவு உள்ளே போகிறது, எவ்வளவு வெளியே வருகிறது என்று அளந்து எழுத ஆள் இல்லை. சிஸ்டர் என்னைக் கூப்பிட்டு, எண் எழுதுவாயா என்று கேட்டார். எழுதிக் காட்டினேன். பூஜ்யத்திலிருந்து ஒன்பது வரை. என் நாலைப் பார்த்து, மேலே மூடாமல் எழுது, ஒன்பது மாதிரித் தெரிகிறது என்றார். அன்றிலிருந்து இன்றுவரை என் நாலுக்கு மேலே வாய் திறந்துதான் இருக்கும்.

அதன் பிறகு சிஸ்டர் சொன்ன ஒரு வார்த்தைதான் எனக்குப் பாடம், படிப்பு எல்லாம். "கண்ணால பாத்தத எழுது. பாக்காதத எழுதாத. யாராவது சொன்னாங்கன்னு எழுதவே எழுதாத."

அளக்கிற முறையையும் அவரே காட்டித் தந்தார். நோயாளி ஒன்றுக்குப் போன பாட்டிலில் இருப்பதை அளவு ஜாடியில் ஊற்ற வேண்டும். ஜாடியைத் தூக்கிப் பிடித்துப் பார்க்கக் கூடாது. மேசையில் சமமாக வைத்துவிட்டு நாம் குனிந்து, கண்ணைத் தண்ணீர் மட்டத்துக்குக் கொண்டுவந்து பார்க்க வேண்டும். நிறத்தையும் பார்க்க வேண்டும். பிறகு கொட்டிவிட்டு, ஜாடியைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு எழுத வேண்டும்.

கையைத் துடைத்துக்கொண்டு என்று சொல்வது சுலபம். ஆயாவின் கை எப்போது காய்ந்திருக்கிறது? பினாயில், சோப்புத் தண்ணீர், வெந்நீர், ஏதாவது ஒன்றில் ஊறிக்கொண்டே இருக்கும். ஸ்டோரிலிருந்து வருகிற பச்சை மை, ஈர விரல் பட்டால் குளத்துப் பாசி மாதிரிப் பரவிவிடும். நர்ஸுகளுக்கு அதனால் தொந்தரவு இல்லை, அவர்கள் கை காய்ந்த கை. பால்பாயின்ட் பேனாவும் சரிப்படவில்லை. கட்டில் காலில் தொங்கும் அட்டையில் பேனாவை மேல்நோக்கிப் பிடித்து எழுதினால், கொஞ்ச நேரத்தில் நின்றுவிடும். அதனால் எங்கள் வார்டில் எல்லோருக்கும் மைப் பேனாதான்.

சிஸ்டருக்கு ஒரு பழக்கம். டியூட்டி மாறும் நேரத்தில் விரலைத் தண்ணீரில் நனைத்து, சார்ட்டில் ஏதாவது ஒரு எண்ணின் மேல் வைத்து எடுப்பார். ஒரு நாள் என் எண்ணின் மேல் வைத்தார். அது கரைந்துவிட்டது.

"இது எட்டா, மூணா?"

எட்டு என்று நான் சொன்னேன்.

"நான் உன்னக் கேக்கல ரத்னம்மா. சார்ட்டக் கேக்கறேன்."

அடுத்த ஓய்வு நாளில் கமர்ஷியல் ஸ்ட்ரீட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் இருந்த பேனாக் கடைக்குப் போனேன். ஒரு பாய் உட்கார்ந்திருந்தார். பச்சை மை வேண்டும், இருக்கிற எல்லாப் பச்சையும் காட்டுங்கள் என்றேன்.

"யாருக்கும்மா, ஆபீசருக்கா?" என்றார்.

"ஆபீசருக்கு இல்ல பாய். மூத்திரத்துக்கு."

கையிலிருந்த பாட்டிலை அவர் கீழே வைத்துவிட்டார். விஷயத்தை விளக்கிச் சொன்ன பிறகு சிரித்துச் சிரித்து இருமினார். ஆனால் நல்ல மனுஷர். தொட்டு எழுதும் பேனா ஒன்றைக் கொடுத்து, எழுதிப் பாருங்கம்மா என்று நகர்ந்து உட்கார்ந்துகொண்டார். எந்தக் காகிதத்தில் எழுதப் போகிறோமோ அதில்தான் மையைப் பார்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியிருந்தது. அதனால் வீணான சார்ட்டுத் துண்டுகளைக் கையோடு கொண்டுபோயிருந்தேன். எங்கள் சார்ட்டுக் காகிதம் மெல்லிசு. நல்ல மை என்று பேர் வாங்கிய மைகூட அதில் மறுபக்கம் ஊறிவிடும்.

ஒரு பச்சை கிளியின் நிறம். கடை வாசல் வெயிலில் பார்க்க அவ்வளவு அழகு. உள்ளே குண்டு பல்பின் கீழே கொண்டுபோனால் எண் எங்கே போனது என்று தேட வேண்டியிருந்தது. இன்னொன்று சோடா பாட்டில் பச்சை. அது பல்பின் கீழே கறுப்பாகிவிட்டது. மூன்றாவது மயில் கழுத்து மாதிரி. எனக்கு ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் ஒரு பக்கம் சாய்த்துப் பார்த்தால் நீலம். எங்கள் வார்டில் நீலம் என்றால் பகல். சாயங்காலம் நடந்ததைப் பகலில் நடந்தது என்று ஒரு டாக்டர் படித்துவிட்டால் என்ன ஆகும்? அதை வைத்துவிட்டேன்.

நாலாவது, கொய்யா இலையின் மேல்பக்கத்துப் பச்சை. பகட்டு கிடையாது. வெயிலிலும் பச்சை, பல்பிலும் பச்சை. எழுதி, காயவிட்டு, எச்சில் தொட்ட கட்டை விரலால் தேய்த்தேன். ஓரம் மட்டும் லேசாக மங்கியது, எண் நின்றது. காய்வதற்குத்தான் கொஞ்சம் நேரம் எடுக்கும், வாயால் ஊத வேண்டும். அது ஒரு குறை என்று நான் நினைக்கவில்லை. எழுதினதை ஒரு தடவை நின்று பார்க்க வைக்கும் குறை நல்லதுதான்.

அதோடு முடிந்துவிடவில்லை. சாயங்கால டியூட்டி ஒரு வாரம் வரும், பிறகு பகலும் ராத்திரியும் மாறி மாறி வரும். அதுவரை பச்சைப் பேனா சும்மா கிடக்கும். சில மை அப்படிக் கிடந்தால் நிப்பில் கெட்டியாகிவிடும், பேனாவை உதறினால் சுவரில்தான் தெறிக்கும். இந்த மை அப்படிச் செய்கிறதா என்று பார்க்கவே எனக்கு வெகு நாள் ஆயிற்று. திரும்ப எடுத்தபோது முதல் கோட்டிலேயே எழுதியது. அப்போதுதான் இது என் மை என்று முடிவு செய்தேன். வீட்டிலும் பால்காரன் கணக்கு, சிலிண்டர் வந்த தேதி, பிள்ளைக்கு ஜுரம் எவ்வளவு, எல்லாம் அதில்தான் எழுதுவேன்.

வார்டில் லீலா என்று ஒரு நர்ஸ் இருந்தாள். வயசில் என்னைவிடச் சின்னவள், வாய் மட்டும் பெரியது. "ரத்னாக்கா மை மகாராணி மை. நாமெல்லாம் தொடக் கூடாது" என்பாள். நான் மூடியை இன்னும் கொஞ்சம் இறுக்கி மூடிக்கொள்வேன். சிஸ்டர் புது மையின் மேல் ஈர விரலை வைத்துப் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் அடுத்த கட்டிலுக்குப் போனார். அவர் ஒன்றும் சொல்லவில்லை என்றால் சரி என்று அர்த்தம்.

இப்படித்தான் எங்கள் வார்டில் சாயங்காலத்துக்கு இரண்டு பச்சை ஆயிற்று. மருந்து, ஜுரம், நாடி எல்லாம் லீலா ஸ்டோர் பச்சையில் எழுதுவாள். நீர்க் கணக்கு மட்டும் என் பச்சையில் இருக்கும். எங்களுக்கு அது பழகிப்போனது. புதிதாக வருகிறவர் கண்ணுக்கு எப்படித் தெரியும் என்று யாரும் யோசிக்கவில்லை.

ஈஜிபுராவிலிருந்து ஆறுமுகம் என்று ஒரு கட்டட மேஸ்திரியைக் கொண்டுவந்தார்கள். கோடைக்காலம். வாந்தியும் பேதியும் நிற்காமல் போய், ஆள் வாழைச் சருகு மாதிரி உலர்ந்து வந்தார். வந்ததிலிருந்து சலைன் ஓடிக்கொண்டே இருந்தது. ஆனால் மூத்திரம் நின்றுவிட்டது. சார்ட்டில் காலையில் நீலத்தில் ஒரு சின்ன எண், அதுவும் டீ டிகாஷன் நிறம் என்று குறிப்பு. அதற்குப் பிறகு நீலத்தில் பூஜ்யம், பூஜ்யம். சாயங்காலத்துக்குள் போகவில்லை என்றால், ரத்தத்தைச் சுத்தம் செய்யும் மிஷின் இருக்கிற பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட வேண்டும் என்று பகல் டாக்டர் எழுதி வைத்துவிட்டுப் போயிருந்தார்.

ஆறுமுகத்தின் சம்சாரம் செல்வி வராண்டாவின் கம்பிக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். நான் டியூட்டிக்கு உள்ளே போகும்போதே கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, மிஷின்ல போட்டா ஆளு திரும்ப வராதாமே. எப்படியாவது ஒண்ணுக்குப் போக வைங்கக்கா."

அதென்ன என் கையிலா இருக்கிறது என்று சொல்லிவிட்டு உள்ளே போனேன். ஆனால் அன்று மற்ற வேலை எல்லாம் ஒரு கண்ணில்தான் செய்தேன். இன்னொரு கண் அந்தக் கட்டிலில்தான் இருந்தது.

பொழுது சாயும் நேரத்தில் ஆறுமுகம் முனகினார். ஓடிப்போய்ப் பாட்டிலை வைத்தேன். வந்தது. கொஞ்சம்தான், ஆனால் வந்தது. ஜாடியில் ஊற்றி, குனிந்து பார்த்து, கொட்டிக் கழுவிவிட்டு எழுதினேன். எழுதிவிட்டு லீலாவுக்குக் குரல் கொடுத்தேன். அவள் வார்டின் அந்தக் கோடியில் வலிப்பு வந்த ஒருவரை இன்னொருவரோடு சேர்ந்து அமுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தாள். தலையை ஆட்டினாள். காதில் விழுந்துதான் ஆட்டினாளா என்று எனக்குத் தெரியாது. கொஞ்ச நேரம் கழித்து இரண்டாம் தடவையும் போனார். இந்தத் தடவை நன்றாகவே இருந்தது, நிறமும் வெளுத்திருந்தது. அதையும் எழுதினேன். கம்பிக் கதவருகே போய்ச் செல்வியிடம் சொன்னேன். அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

விளக்குப் போட்ட பிறகு டியூட்டி டாக்டர் வந்தார். வேறு வார்டிலிருந்து அந்த வாரம்தான் எங்களிடம் வந்தவர். நாகேஷ் என்று பேர், கன்னடக்காரர், எங்களிடம் தமிழும் கன்னடமும் கலந்து பேசுவார். ஆறுமுகத்தின் அட்டையை எடுத்தார். பார்த்தார். விளக்கின் அடியில் கொண்டுபோய் மறுபடி பார்த்தார்.

"ஏனம்மா இது? யாரு எழுதினது?"

"நான்தான் சார்."

"இந்தப் பக்கம் எல்லாம் ஒரு பச்சை. மூத்திரம் மட்டும் வேற பச்சை. ஏன்?"

அது என் சொந்தப் பேனா, சொந்த மை என்று சொன்னேன். சொல்லும்போதே என் குரல் எனக்கே நன்றாக இல்லை. பகல் முழுக்கப் பூஜ்யமாக இருந்தவருக்குத் திடீரென்று இவ்வளவு எப்படி வந்தது என்று கேட்டார். வந்தது சார் என்றேன். எங்கே அது என்றார். அளந்துவிட்டுக் கொட்டிவிட்டேன், கொட்டுவதுதான் வழக்கம் என்றேன். யார் பார்த்தார்கள் என்றார்.

நான் லீலாவைப் பார்த்தேன். லீலா தரையைப் பார்த்தாள். தான் கடைசிக் கட்டிலில் இருந்ததாகச் சொன்னாள். பொய் இல்லை, அவள் அங்கேதான் இருந்தாள்.

டாக்டர் ஆறுமுகத்தையே தட்டி எழுப்பி, ஒன்றுக்குப் போனாயா என்று கேட்டார். அரை மயக்கத்தில் அவர் தலையை ஆட்டினார். போகவில்லையா என்று கேட்டார். அதற்கும் ஆட்டினார்.

அந்தக் காலத்தில் சில இடங்களில் ஆயாக்கள் அளக்காமலே எண் எழுதிவிடுவார்கள். டாக்டர் திட்டுவாரே என்று கடைசி நிமிஷத்தில், கையில் கிடைத்த பேனாவால் இட்டு நிரப்பிவிடுவார்கள். அப்படி நிரப்பின சார்ட்டு பார்க்க எப்படி இருக்குமோ, அப்படித்தான் இருந்தது என் சார்ட்டு. அதை அவர் சந்தேகப்பட்டதற்கு நான் இன்றைக்கும் அவரைக் குறை சொல்ல மாட்டேன். அன்றைக்குச் சொன்னேன், மனசுக்குள் நிறையவே சொன்னேன்.

அவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுக் கத்தவில்லை. கட்டிலுக்குப் பக்கத்திலேயே நிறுத்தி, மெதுவாகத்தான் சொன்னார்.

"நீ எழுதினது நிஜம்னா இந்த சலைன் ஓடணும். பொய்னா, இதே சலைன் இவன் நெஞ்சுல போய் நிக்கும். கட்டில்ல படுத்தபடியே முழுகிப் போயிடுவான். நிஜ ஹேளம்மா, நிஜத்தச் சொல்லு. உன்ன ஒண்ணும் செய்ய மாட்டேன்."

"நிஜம்தான் சார்."

அவர் சலைனை நூல் மாதிரிக் குறைத்தார். ஆம்புலன்ஸைத் தயாராக வைக்கச் சொன்னார். காம்பவுண்டுக்குள்ளேயே இருந்த குவார்ட்டர்ஸிலிருந்து ஜெசிந்தா சிஸ்டரைக் கூட்டிவர ஆள் அனுப்பினார்.

சிஸ்டர் வருகிறார் என்றதும் எனக்கு மூச்சு வந்தது. என் கையை, என் மையை, என் நாலை அவருக்குத் தெரியும். ஒரு வார்த்தை அவர் சொன்னால் போதும். சரசரவென்று அந்தச் சத்தம் வந்தது. டாக்டர் விஷயத்தைச் சொன்னார். சிஸ்டர் சார்ட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். இந்த எண்களை நம்பலாமா சிஸ்டர் என்று டாக்டர் கேட்டார்.

"நான் பாக்கல டாக்டர்" என்றார் சிஸ்டர்.

அவ்வளவுதான் சொன்னார். இத்தனை வருஷமாக அவர் வார்டில் உழைத்தவள் நான். நம்பலாம் என்று ஒரு வார்த்தை சொல்ல அவருக்கு நாக்கு எழவில்லை. கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். அழவில்லை. அவர்கள் முன்னால் அழக் கூடாது என்று வைராக்கியம்.

சிஸ்டர் அடுத்து டாக்டரிடம் கேட்டது ஒரே ஒரு கேள்வி. இன்னும் எவ்வளவு நேரம் காத்திருக்கலாம்? ரொம்ப நேரம் முடியாது, வண்டி வந்து நிற்கும்வரை பார்க்கலாம் என்றார் டாக்டர். சரி, எல்லோரும் பார்க்கலாம் என்றார் சிஸ்டர்.

திரையை இழுத்துக் கட்டிலைச் சுற்றி வைத்தார்கள். உள்ளே ஒரு ஸ்டூலில் டாக்டர் உட்கார்ந்தார். பாட்டிலையும் ஜாடியையும் என்னைக் கழுவச் சொல்லி, கவிழ்த்து உதறச் சொல்லி, டாக்டர் பார்க்கும்படி காட்டச் சொன்னார் சிஸ்டர். திருடியைச் சோதனை போடுகிற மாதிரி இருந்தது. காட்டினேன். இரண்டு கையையும் விரித்துக் காட்டினேன், யாரும் கேட்காமலே.

பிறகு காத்திருந்தோம். ஒருவர் ஒன்றுக்குப் போவதற்காக ஒரு டாக்டரும், ஒரு சிஸ்டரும், ஒரு நர்ஸும், ஒரு ஆயாவும் கட்டிலைச் சுற்றி நின்றுகொண்டிருந்தோம். சிரிப்பாகத்தான் இருக்கும், கேட்கிறவர்களுக்கு. ஆறுமுகத்தின் மூச்சு கொஞ்சம் வேகமாக இருக்கிற மாதிரித் தெரிந்தது. டாக்டர் முதுகில் குழல் வைத்துக் கேட்டார், முகத்தில் ஒன்றும் காட்டவில்லை. வெளியே கதவருகே செல்வி என் பேரைச் சொல்லிக் கூப்பிட்டாள். அக்கா, அப்பப் போனாருன்னு சொன்னீங்களே அக்கா என்றாள். வண்டி வந்து வாசலில் நிற்கும் சத்தம் கேட்டது. டிரைவர் உள்ளே வந்து எட்டிப் பார்த்தார். டாக்டர் எழுந்துவிட்டார்.

நான் போய்ச் சுவர் ஓரத்துக் குழாயைத் திறந்துவிட்டேன். வார்டில் எல்லோருக்கும் தெரிந்த வித்தைதான். தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டால் சிலருக்கு வரும். லீலா ஆறுமுகத்தின் பாதத்தை ஈரத் துணியால் துடைத்தாள். என் பக்கம் அவள் பார்க்கவில்லை, ஆனால் துடைத்துக்கொண்டே இருந்தாள். சிஸ்டர் குனிந்து அவர் காதில் பேர் சொல்லிக் கூப்பிட்டார். ஆறுமுகம் கண்ணைத் திறந்து எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார்.

"என் கல்யாணத்துக்குக் கூட இவ்ளோ பேரு வரலயே" என்றார். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி இருந்தது. "இப்படிப் பாத்துக்கினு நின்னா எப்படி வரும்? அந்தாண்ட திரும்புங்க."

யாரும் திரும்பவில்லை. டாக்டர் திரும்பவே இல்லை. நான் பாட்டிலை வைத்துப் பிடித்தேன். சிஸ்டர் தன் கையை என் கைக்குக் கீழே கொடுத்துப் பிடித்தார். ஆறுதலுக்கா, பாட்டில் சாயாமல் இருக்கவா, இன்றுவரை தெரியாது.

வந்தது.

முதலில் சொட்டு. நின்றுவிட்டது. பிறகு நிற்காமல் வந்தது. பாட்டில் என் கையில் சூடானது. அதைவிட நல்ல சூட்டை நான் என் வாழ்நாளில் தொட்டதில்லை. சிஸ்டர் வாங்கிக்கொண்டு போய் ஜாடியில் ஊற்றி, மேசையில் சமமாக வைத்து, குனியாமல் டாக்டருக்கு இடம் விட்டு நகர்ந்து நின்றார். அவ்வளவு உயரமான டாக்டர் முட்டி போட்டுக் குனிந்து பார்த்தார். நூற்றி எண்பது என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, எழுது என்றார்.

லீலா ஸ்டோர் பச்சைப் பேனாவை நீட்டினாள். நான் அதை வாங்கவில்லை. என் பேனாவை எடுத்து, அந்த இரண்டு எண்ணுக்கும் கீழே மூன்றாவதை எழுதினேன். எழுதிவிட்டு, காயும்வரை ஊதினேன். எல்லோரும் நான் ஊதி முடிக்கும்வரை நின்றார்கள். டாக்டர் மேலே இருந்த எண்களையும் கீழே இருந்த எண்ணையும் பார்த்தார். சலைனைப் பழைய வேகத்துக்குத் திறந்துவிட்டார். கம்பிக் கதவுவரை அவரே நடந்துபோய், உன் புருஷன் இங்கேயேதான் இருப்பான் என்று செல்வியிடம் சொல்லிவிட்டு, வண்டியைத் திருப்பி அனுப்பினார்.

ஆறுமுகம் பிழைத்துக்கொண்டார். பிறகு தன் காலாலேயே நடந்து வீட்டுக்குப் போனார். ஆனால் அதற்கு முன்னால், மறுநாளே நடந்ததைச் சொல்ல வேண்டும்.

மத்தியானம் நான் டியூட்டிக்கு வந்தபோது மேசையைச் சுற்றி எல்லோரையும் நிறுத்தி வைத்திருந்தார் சிஸ்டர். ஸ்டோர் பச்சை இருந்த பெரிய பாட்டில் காலியாகி, கழுவிக் கவிழ்த்திருந்தது. பச்சைப் பேனாக்கள் எல்லாம் பிரித்துக் கழுவித் துணியில் காய்ந்துகொண்டிருந்தன. என் மையைக் கொண்டுவரச் சொன்னார். கொண்டுவந்தேன். ஆஹா, ஜெயித்தோம் என்றுதான் நினைத்தேன்.

"இதை வார்டு பாட்டில்ல ஊத்து" என்றார்.

நான் நின்றேன். இது என்னுடையது சிஸ்டர் என்றேன். நான் தேடித் தேடி எடுத்தது என்றேன். லீலா சிரிக்கவில்லை. ஒருவரும் சிரிக்கவில்லை.

"மை நல்ல மைதான்" என்றார் சிஸ்டர். "ஆனா உன் மைன்னு ஒண்ணு இந்த வார்டுல இருக்கக் கூடாது. நேத்து டாக்டர் பார்த்தது மூத்திரத்த இல்ல ரத்னம்மா. உன்னத்தான் பார்த்தார். சார்ட்டப் பார்த்தா நோயாளிதான் தெரியணும். நீ தெரியக் கூடாது. ஸ்டோருக்கு இதே மை வேணும்னு நான் எழுதறேன். வர்ற வரைக்கும் உன்னது."

எனக்கு வந்த கோபத்துக்கு அந்தப் பாட்டிலைத் தரையில் போட்டிருப்பேன். நம்பலாம் என்று ஒரு வார்த்தை சொல்லாதவர், இப்போது என் மையையும் கேட்கிறார். ஆனால் அந்தக் கட்டிலில் ஆறுமுகம் எழுந்து உட்கார்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார். செல்வி கரண்டியைப் பிடித்துக்கொண்டிருந்தாள். பார்வை நேரம் இல்லை, இருந்தும் சிஸ்டர் அவளை உள்ளே விட்டிருந்தார்.

மூடியைத் திறந்து ஊற்றினேன். கடைசிச் சொட்டுவரை ஊற்றினேன். லீலாதான் முதலில் பேனாவை நிரப்பினாள்.

அன்று சாயங்காலம் நான் வேறு கட்டிலுக்குத் துணி மாற்றிக்கொண்டிருந்தபோது ஆறுமுகம் ஒன்றுக்குப் போனார். லீலா அளந்து எழுதினாள். வேலை முடிந்ததும் நான் போய், அவர் கட்டில் காலுக்கு நாலடி தள்ளி நின்று பார்த்தேன். வரிசையாகக் கொய்யா இலைப் பச்சை, மருந்து, ஜுரம், நீர் எல்லாம். எது என் எண், எது லீலாவின் எண் என்று அந்தத் தூரத்திலிருந்து எனக்கே தெரியவில்லை. ஆறுமுகம் சாயங்காலம் முழுக்க எப்படி இருந்தார் என்பது மட்டும் ஒரே பார்வையில் தெரிந்தது.

சிஸ்டர் சொன்னது சரி. எனக்கு அது அன்றைக்குப் பிடிக்கவில்லை. இன்றைக்கும் முழுசாகப் பிடித்துவிடவில்லை.